மதுரையின் வீதிகளும் வரலாற்று அடுக்குகளும்

மதுரைச் சித்திரைத் திருவிழாவின்போது தேர் ஓடுவது சித்திரை வீதியில் அன்று. மாசி வீதிகளிலேயே ஓடுகின்றது. மாசி மாதத்தில் நிகழ்ந்த மீனாட்சி திருக்கல்யாண விழாவை, அழகர் வைகைக்கு வரும் சித்திரை விழாவோடு திருமலை நாயக்கர் (1623–1659) இணைத்தார் என்பர். விழாவின் மாதம் மாறிற்று. வீதியின் பெயர் மாறவில்லை. அந்நகரின் வரலாற்றை ஆராய விரும்புவோர் இம்முரண்பாட்டிலிருந்தே தொடங்கலாம். ஏனெனில் மதுரையில் ஓர் ஆட்சி முந்திய ஆட்சியை முற்றாக அழித்ததில்லை; அதன்மேல் தன்னை எழுதிக்கொண்டது.

அடியிலுள்ள அடுக்கு மிகப் பழையது. மதுரைக்கு அண்மையிலுள்ள மாங்குளம் குன்றின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் நெடுஞ்செழியன் என்னும் பெயரைத் தருகின்றன. ஈழத்தவராகிய நமக்கும் அந்நகர் அந்நியமன்று. விசயனுக்கு மணமகள் மதுரையிலிருந்து வந்ததாக மகாவம்சம் கூறும். ஆயின் அவ்வுறவு மணவுறவாக மட்டும் இருக்கவில்லை. 9ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சேனனின் படை மதுரையைச் சூறையாடிற்று. 10ஆம் நூற்றாண்டிலோ, சோழரிடம் தோற்ற இராசசிம்ம பாண்டியன் தன் முடியை அடைக்கலமாக வைத்ததும் இதே ஈழத்திலேதான்!

பாடநூல்கள் விரைந்து கடந்துவிடும் அடுக்கு ஒன்றுண்டு. 1311இல் மாலிக் கபூரின் படையெடுப்பு நிகழ்ந்தது. 1330களில் தில்லியின் ஆளுநராயிருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா தனியரசை அறிவித்துத் தம் பெயரில் நாணயம் வெளியிட்டார். விசயநகர இளவரசர் குமார கம்பணர் வரும்வரை ஏறத்தாழ நாற்பதாண்டுகள் நிலவிய அச்சுல்தானகத்தை ‘இருண்ட காலம்’ என ஒரு சொல்லில் முடித்துவிடுவர். இம்முடிவுக்குப் பெரிதும் ஆதாரமாவது, வெற்றிபெற்றவரின் மனைவியாகிய கங்காதேவி பாடிய மதுரா விசயம் என்னும் வடமொழிக் காவியம். அதை மட்டும் நம்புதல் முறையன்று.

ஆனால் மற்றைய சாட்சியும் சுல்தானுக்கு ஆதரவாக இல்லை. 1344இல் இலங்கையிலிருந்து கடல்கடந்து சென்ற இப்னு பதூதா, மாலைதீவில் காழியாக இருந்தவர். அஹ்ஸன் ஷாவின் மகளை மணந்தவர். அவளுடைய சகோதரியின் கணவரே அன்றைய சுல்தான் கியாஸுத்தீன். அத்தகைய உறவினர், சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையைக் கண்டித்து எழுதினார். மதுரையில் பரவிய கொள்ளைநோயையும் பதிவுசெய்தார். எனவே அக்கொடுமையை மறைக்கவும் இடமில்லை. அதனை ஒரு சமயத்தின் கணக்கில் எழுதவும் இடமில்லை. படையெடுப்புக்கு முன்னரே பாண்டிய அரசில் தகியுத்தீன் என்னும் முஸ்லிம் அமைச்சராக விளங்கியதைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் குறிப்பிடுவதும் இவ்விடத்து நினைக்கத்தக்கது.

பின்வந்த நாயக்கர் இரட்டைக் கோட்டையும் அகழியும் அமைத்தனர். நாயக்கர் ஆட்சி 1736 அளவில் முடிவுற்றது. அக்கோட்டையிலிருந்து ஆங்கிலேயரை எதிர்த்த கான் சாகிபு என்னும் யூசுப் கான் 1764இல் தூக்கிலிடப்பட்டார்.

அக்கோட்டையை வீழ்த்தியது பீரங்கியன்று, நகர விரிவாக்கமே. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன், மதிலை இடித்து அகழியைத் தூர்ப்போருக்கு அந்நிலத்தையே வழங்கினார். மக்கள் தாமே முன்வந்து இடித்தனர். அங்கே வெளி வீதிகள் தோன்றின; பணியை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரி, மாரட் ஆகியோரின் பெயர்களும் வீதிகளுக்கு அமைந்தன. பாண்டியனுக்கும் நாயக்கனுக்கும் உரிய நகரில் ஒரு மேஸ்திரிக்கும் வீதி கிடைத்தது! பெரியார் பேருந்து நிலையத்தருகே கோட்டையின் கொத்தளம் ஒன்று மட்டும் எஞ்சியுள்ளது.