விமான நிலையமா, தொழிற்பேட்டையா? ஒமைக்ரான் வருகை குறித்து ஒரு மறுவாசிப்பு

கொரோனா வைரஸின் ஒமைக்ரான் திரிபு இந்தியாவுக்குள் நுழைந்ததை விமான நிலையத்தோடு இணைத்தே இதுவரையிலான ஆய்வுகள் பெரிதும் விளக்கிவந்துள்ளன. பயணிகளைச் சோதிப்பதில் இருந்த தளர்வே குறை, கெடுபிடியே தீர்வு என்பது அவற்றின் முடிவு. இந்த முடிவைச் சோதிக்க முதன்மைச் சான்று, 2021 டிசம்பர் 2 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட அறிவிப்பு. பெங்களூரில் இருவருக்கு ஒமைக்ரான் தொற்று என்ற அந்த அறிவிப்பையும், அதையொட்டி வெளியான நாள்விவரங்களையும் சேர்த்துப் படித்தால், அந்த முடிவு நிலைக்காது.

முதலாமவர், 66 வயதுத் தென்னாப்பிரிக்கர். நவம்பர் 20 அன்று வந்தார், தொற்று உறுதியானது, 27 அன்று துபாய்க்குப் புறப்பட்டார். அவரைத் தொற்றியது எந்தத் திரிபு என அறிவிக்கப்பட்டபோது அவர் நாட்டிலேயே இல்லை. இரண்டாமவர், வெளிநாடு செல்லாத 46 வயது மருத்துவர். அவருக்கு நவம்பர் 21 அன்று காய்ச்சலும் உடல்வலியும் கண்டன. பிசிஆர் சோதனையில் சிடி மதிப்பு குறைவாக, அதாவது வைரஸ் அளவு மிகுதியாக, இருந்ததால்தான் அவரது மாதிரி மரபணு வரிசைப்படுத்தலுக்குப் போனது. ஒமைக்ரானின் நோயரும்பு காலம் ஏறத்தாழ 3 நாள். அப்படியானால் அவரைத் தொற்று பற்றியது, தென்னாப்பிரிக்கா இத்திரிபை உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்த நவம்பர் 24-க்கு முன்பே. முதலாமவர் வந்த மறுநாளே இவருக்கு அறிகுறி தோன்றியதால், அவரிடமிருந்து தொற்றியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இந்தியாவின் புதிய பயண விதிகளோ டிசம்பர் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தன.

ஒரே நோயாளியை வைத்து ஊர்ப்பரவலை அளந்துவிட முடியாது, அது உண்மை. மருத்துவருக்கு வேறொரு பயணியிடமிருந்து நேரடியாகத் தொற்றியிருக்கலாம் என்பாரும் உண்டு. இருக்கட்டும், அந்தப் பயணியையும் விமான நிலையம் தடுக்கவில்லையே.

விமான நிலையத்தைத் தாண்டிய பரவலை எங்கே தேடுவது? பெங்களூரை அடுத்த பொம்மசந்திராவை இங்குதான் கருத வேண்டும். எலக்ட்ரானிக் சிட்டிக்கும் அத்திப்பள்ளி மாநில எல்லைக்கும் இடையே ஓசூர் சாலையில் இருக்கும் இத்தொழிற்பேட்டைக்குத் தமிழ்நாட்டுத் தொழிலாளர் நாள்தோறும் வந்து போகின்றனர். டிசம்பர் 28 முதல் கர்நாடகம் விதித்த இரவு ஊரடங்கில் ஆலைகளுக்கு விலக்கு இருந்தது. கடைகள் மூடிய சாலையில் ஷிப்ட் பேருந்துகள் ஓடின. அடைத்த ஜன்னல்களுக்குள் தோளோடு தோள் உரச ஆட்கள் வேலைக்குப் போனார்கள். வைரஸின் தடயத்தைத் தேடிய பெங்களூரின் கழிவுநீர்க் கண்காணிப்பு 28 சுத்திகரிப்பு நிலையங்களை எட்டிய பெரும் முயற்சி. ஆனால் அது மாநகரின் கழிவுநீர்க் கட்டமைப்பைச் சார்ந்தது. பொம்மசந்திராவோ அன்று மாநகராட்சிக்கு வெளியே, தனிப் புரசபை (நகராட்சி).

ஆலைகளை மூடியிருக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். அது கூலியைப் பறித்திருக்கும். ஆனால் பரவலும் சிறிதாக இருக்கவில்லை: 2022 ஜனவரி 23 அன்று கர்நாடகத்தில் ஒரே நாளில் 50,210 பேருக்குத் தொற்று பதிவானது. அடுத்த திரிபுக்கான கண்காணிப்பு, ஆலைகளின் கழிவுநீரிலும் ஷிப்ட் தொழிலாளருக்கான சம்பளத்துடன் கூடிய நோய்விடுப்பிலும் தொடங்க வேண்டும். மாநகர எல்லையில் நின்றுவிடும் கண்காணிப்பு, பெங்களூரைக் காக்கப் போதாது.