நீலன் சிலைப் போராட்டம் பிறந்த கதை

குள்ளஞ்சாவடி டீக்கடையில் கடலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பக்கத்து பெஞ்சுப் பையன் செல்போனை நீட்டினான். 2024 அக்டோபரில் விக்கிரவாண்டியில் நடந்த கட்சி மாநாட்டில் வைத்த கட்அவுட். பெரியார், காமராஜர், அம்பேத்கர் வரிசையில் ஓர் அம்மா.

"அண்ணே, இவங்க நம்ம பக்கமாமே?"

"அஞ்சலை அம்மாள். கடலூர் முதுநகர், தம்பி. எதிரியோட சிலையைப் பெயர்க்கப் போனவங்க."

எதிரியின் பெயர் ஜேம்ஸ் நீல். சென்னைப் படையின் கர்னல். 1857 கலகத்தை அடக்க வடக்கே போனவர், அலகாபாத் பக்கம் ஊர் ஊராக ஆட்களைப் பிடித்து மரங்களில் தொங்கவிட்டார். கான்பூரில் வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டது உண்மை. அதற்குப் பழிவாங்க நீல் கண்டுபிடித்த தண்டனை வேறு ரகம். கைதியைத் தூக்கிலிடும் முன், தரையில் காய்ந்த ரத்தத்தை நாவால் நக்க வைப்பது. உயிரை எடுப்பது போதவில்லை, சாதியும் மதமும் கெட்டுச் சாகட்டும் என்பது கணக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் லக்னோவில் குண்டடிபட்டு நீல் செத்தார். அந்த ஆளுக்கு மவுண்ட் ரோட்டில் வெண்கலச் சிலை வைத்தார்கள். நம் ஜனங்கள் வாயில் நீல், நீலன் ஆனார். சென்னைவாசிகள் அறுபது வருஷத்துக்கு மேல் அதைக் கடந்துதான் போய்வந்தார்கள்.

1927இல் பொறுமை போயிற்று. ஒத்துழையாமை இயக்கம் நின்று ஐந்து வருஷம் ஆகியிருந்தது. காங்கிரஸ் தொண்டர்களுக்குக் கை சும்மா இருந்தது என்றே நினைக்கிறேன். ஆகஸ்டில் சுத்தியல் சத்தம் கேட்டது. போவது, சிலையை அடிப்பது, கைதாவது. மறுபடி அடுத்த அணி. திருநெல்வேலி சோமயாஜுலு தலைமை தாங்கினார். காமராஜரும் தொண்டர் திரட்டினார்.

கடலூரிலிருந்து போனவர்தான் அஞ்சலை அம்மாள். கணவர் முருகப்பனும் விடுதலைப் போராட்டத்தில் இருந்தவர்தான். இயக்கத்துக்காகச் சொத்தை விற்ற குடும்பம். ஆனால் இந்தக் கதையில் என்னை நிறுத்துவது மகள் அம்மாக்கண்ணு. வயது ஒன்பது. அம்மாவோடு அவளும் சிலைக்கு எதிரே போய் நின்றாள். அம்மாவுக்கு ஓராண்டுச் சிறை. ஒன்பது வயதுக் குழந்தையைச் சிறையில் போட முடியாது. அதனால் சிறுவர் இல்லத்தில் அடைத்தார்கள். வெண்கலத்துக்குக் கொடுத்த காவலைப் பாருங்கள்!

அந்த செப்டம்பரில் காந்தி சென்னைக்கு வந்தார். சிலை போக வேண்டும், ஆனால் ஆள் மேல் கோபம் வரக்கூடாது என்பது அவர் பேச்சு. நடைமுறையில் அது எவ்வளவு கஷ்டம் என்று சுத்தியல் பிடித்தவர்களுக்குத்தான் தெரியும். பின்னாளில் காந்தி அம்மாக்கண்ணுவைத் தன் ஆசிரமத்துக்கு அழைத்துக்கொண்டு, லீலாவதி என்று பெயரும் வைத்தார்.

சிலை அசையவில்லை. பத்து வருஷம் அங்கேயே நின்றது. 1937இல் தேர்தல் வந்தது. அஞ்சலை அம்மாள் சட்டமன்றம் போனார். ராஜாஜி அமைச்சரவை வந்த அதே வருஷம் நீலன் மவுண்ட் ரோட்டை விட்டு எழும்பூர் மியூசியத்துக்குப் போனார்.

வெளிநாடுகளிலும் பிறகு இதே கதைதான். கேப்டவுன் மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து ஏகாதிபத்தியவாதி செசில் ரோட்ஸ் சிலையை அகற்ற வைத்தது 2015இல். பிரிஸ்டலில் அடிமை வியாபாரி கோல்ஸ்டனைக் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளியது 2020இல். டிவியில் அதைப் பார்த்து, உலகத்திலேயே புதுசு போலப் பேசினார்கள். எனக்கு முதுநகர்தான் ஞாபகம் வந்தது. கோல்ஸ்டனையும் பிறகு மியூசியத்தில்தான் வைத்தார்கள், படுத்த வாக்கில்.

"அப்ப நீலன் இன்னும் இருக்காரா?" என்றான் பையன்.

"இருக்காரு. எழும்பூர் போனா பாத்துட்டு வா."

"நின்னுக்கிட்டா, படுத்துக்கிட்டா?"

பதில் சொல்வதற்குள் விருத்தாசலம் பக்கமிருந்து பஸ் வந்துவிட்டது.