ஜீன் க்ரூபாவுக்கு அந்த அடிகள் எங்கிருந்து கிடைத்தன?

பாட்டில் ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதற்குள் டிரம்ஸ்காரர் போடும் சின்ன உருட்டலுக்கு ஃபில் என்று பெயர். ஆரம்பகால ஜாஸ் குழுக்களில் அவருக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் அவ்வளவுதான். அதை நீட்டி, நம்மூர் தனி ஆவர்த்தனம் மாதிரி ஆக்கி நட்சத்திரமானவர் ஜீன் க்ரூபா. 1909ல் சிகாகோவில் பிறந்தவர்.

அவர் காதாலும் பாடம் படித்தார். சிகாகோவின் தென்பகுதியில் பேபி டாட்ஸ், ஸட்டி சிங்கிள்டன் என்ற கறுப்பினக் கலைஞர்கள் வாசிப்பதைப் போய்ப் போய்க் கேட்டார். டாட்ஸ் ஒரே அடியிலேயே நிற்கமாட்டார். ஸ்நேர், அதன் விளிம்பு, மரக்கட்டை, சிம்பல் என்று மாறிக்கொண்டே இருப்பார்.

1937 மே 11. நியூயார்க் ஹார்லெமில் சவாய் நடன அரங்கம். பென்னி குட்மன் குழுவில் க்ரூபா, எதிரே சிக் வெப் குழு. வெப் சிறுவயதிலேயே முதுகெலும்பு பாதிக்கப்பட்டு வளர்ச்சி குன்றியவர். ஆனால் டிரம்ஸ் முன் உட்கார்ந்தால் வேறு ஆள்! கூட்டம் வெப் பக்கம் சாய்ந்தது. க்ரூபா எழுந்து அவருக்குத் தலைவணங்கினார். (எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்?)

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 6ல் 'சிங், சிங், சிங்' பதிவானது. எட்டு நிமிடத்துக்கும் மேல். இசைத்தட்டின் இரண்டு பக்கமும் தேவைப்பட்டது. பாட்டு முழுக்க க்ரூபாவின் டாம்-டாம் முழக்கம். 1938 ஜனவரியில் கார்னகி ஹாலிலும் அதே முழக்கம்.

வெப் 1939ல் இறந்துவிட்டார். டாட்ஸ் தன் அடிகளைத் தனியாக வாசித்து, வாயாலும் விளக்கிச் சொன்ன பதிவு 1946ல்தான் நடந்தது. க்ரூபாவின் ரசிகர்கள் அதைக் கேட்டால் பல இடங்கள் ஏற்கனவே கேட்டதுபோலவே இருக்கும்.