சீகிரியாவின் இடைய வருமானம்: கணக்கிடும் முறையும் அதன் எல்லைகளும்

ஒரு பகுதியின் குடும்பங்களை மாத வருமானப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் இடைய வருமானம் எனப்படும். ஒரே உலையில் சமைத்து உண்பவர்கள் எல்லோரும் சேர்ந்தே ஒரு குடும்பம். ஓரிரு பெரும் பணக்காரர் இருந்தாலே சராசரி உயர்ந்துவிடும்; இடையம் அப்படி அசையாது. 2019 இல் இலங்கைக் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா, இடையம் 53,333 ரூபா. சராசரியை மட்டும் எழுதும் செய்தித்தாள், நாட்டில் பாதிக்கும் மேற்பட்டோர் எட்டாத தொகையை ‘சாதாரணக் குடும்பத்தின் வருமானம்’ என்று சொல்லிவிடுகிறது.

இந்த எண்கள் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான, செலவின ஆய்வில் கிடைப்பவை. அதற்கு முன்பே, 1953 இல் தொடங்கி 2003/04 வரை இலங்கை மத்திய வங்கி நுகர்வோர் நிதி ஆய்வை நடத்திவந்தது. திணைக்களத்தின் ஆய்வு 1990/91, 1995/96, 2002, 2006/07, 2009/10, 2012/13, 2016, 2019 எனச் சீரற்ற இடைவெளியில் நடந்திருக்கிறது. உள்நாட்டுப் போரினால் 2006/07 இல் வடமாகாணம் விடுபட்டது. 25 மாவட்டங்களும் முழுமையாக அடங்கியது 2012/13 இல்தான். ஆகவே நாடு தழுவிய எண்களை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது எச்சரிக்கை தேவை. இடையில் விடுபடாத மாத்தளைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

சீகிரியா, மாத்தளை மாவட்டத்தின் தம்புள்ளைப் பிரதேச செயலகப் பிரிவில் உள்ளது. நாடு முழுவதற்கும் ஆய்வு எடுக்கும் மாதிரி சுமார் 25,000 வீடுகள். மாவட்டத்துக்குச் சராசரியாக ஆயிரம். மாத்தளையின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளுக்கும் அதைப் பங்கிட்டால் ஒன்றுக்கு நூறு வீடுகூடத் தேறாது. அதனால் முடிவுகள் மாவட்ட மட்டத்தோடு நின்றுவிடுகின்றன. இரத்தோட்டைத் தோட்டத் தொழிலாளியும் சீகிரியாவின் விடுதி உரிமையாளரும் ஒரே மாவட்ட எண்ணுக்குள் கரைந்துபோகிறார்கள்.

மாதிரி போதுமானதாக இருந்தாலும் இங்கே வருமானத்தை அளப்பது எளிதல்ல. பெரும்போகம், சிறுபோகம் என்ற இரு பயிர்ப் பருவங்களிலும் பணம் அறுவடையோடுதான் கைக்கு வரும். தம்புள்ளை, கலேவெலப் பகுதியின் பெரிய வெங்காயம் சிறுபோகப் பயிர். ஓகஸ்ட், செப்டெம்பரில் அறுவடையாகும் அதன் விலையை இறக்குமதி வரி கூட்டவும் குறைக்கவும் செய்யும். ஒரு மாதத்தை மட்டும் கேட்டால் அதே குடும்பம் ஒரு முறை வசதியாகவும் இன்னொரு முறை வறுமையாகவும் தெரியும். இதனால்தான் ஆய்வு ஆண்டு முழுவதும் மாதாந்தச் சுற்றுகளாக நடக்கிறது. பருவப் பயிர்களுக்குக் கடந்த 12 மாதக் கணக்கு கேட்கப்படுகிறது. வீட்டுத் தோட்டக் காய்கறி, சொந்த வீட்டின் வாடகைப் பெறுமதி போன்றவையும் பணமாக மாற்றி வருமானத்தில் சேர்க்கப்படும். கிராமத்தின் எண் கையிலுள்ள காசைவிடப் பெரிதாகத் தெரிய இதுவும் ஒரு காரணம்.

காலப்போக்கை ஒப்பிட விலைவாசியைக் கழிக்க வேண்டும். 2016 இல் 43,511 ரூபாவாக இருந்த தேசிய இடையம் மூன்றாண்டில் ஏறத்தாழ 23 சதவீதம் கூடியது. தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்படி அதே காலத்தில் விலைகள் 14 சதவீதம் அளவுக்கு ஏறின. எஞ்சும் உண்மையான உயர்வு 8 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. கொழும்பு விலைச் சுட்டெண்ணைக் கொண்டு கிராம வருமானத்தைத் திருத்தும் பழைய பழக்கம் இன்னும் சில கட்டுரைகளில் உண்டு, தவிர்ப்பது நல்லது.

சீகிரியாவில் 2019 ஐ அடிப்படை ஆண்டாக எடுப்பதில் வேறொரு சங்கடம் இருக்கிறது. அவ்வாண்டு ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தன. 2018 இல் 23 இலட்சத்தைத் தாண்டிய சுற்றுலாப் பயணிகள் 2019 இல் 19 இலட்சமாகவும், பெருந்தொற்றின்போது 2021 இல் இரண்டு இலட்சத்துக்கும் கீழாகவும் சரிந்தனர். ஓட்டோ ஓட்டுபவர், ஜீப் வைத்திருப்பவர், வீட்டில் அறை வாடகைக்கு விடுபவர் என எல்லோரையும் அது தாக்கியது. சீகிரியாக் குன்றின் நுழைவுக் கட்டணம் மத்திய கலாசார நிதியத்துக்குச் செல்வதால், அந்த வசூலை வைத்து ஊர்க் குடும்பங்களின் வருமானத்தை ஊகிக்கவும் முடியாது. 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. திணைக்களத்தின் 2023 பொருளாதார நெருக்கடி ஆய்வில் 60.5 சதவீதமான குடும்பங்கள் வருமானம் குறைந்ததாகக் கூறின.

அமெரிக்காவில் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஆண்டுதோறும் இடைய வருமானம் வெளியாகிறது. அங்கும் சிறு கவுண்டிகளில் மாதிரி போதாது; வருமான வரிப் பத்திரங்கள், உணவு உதவி பெறுவோர் எண்ணிக்கை ஆகியவற்றை ஆய்வோடு இணைத்து மாதிரியம் ஒன்றால் எண்ணைப் பெறுகிறார்கள். வருமான வரி செலுத்துவோர் மிகச் சிலரே உள்ள இலங்கைக்கு அந்த வழி பொருந்தாது. இங்கே கையாளப்பட்டது வறுமை வரைபட முறை. ஆய்வில் வீட்டின் சுவர், கல்வி, தொழில் போன்றவற்றுக்கும் நுகர்வுச் செலவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டு, குடிசன மதிப்பீட்டில் அதே விபரங்கள் கொண்ட எல்லா வீடுகளுக்கும் அதைப் பொருத்துவார்கள். உலக வங்கியின் துணையோடு 2005 இலும், 2012 மதிப்பீட்டை வைத்துப் பின்னரும், பிரதேச செயலகப் பிரிவு மட்டத்தில் இப்படிக் கணக்கிடப்பட்டது. இது தருவது வருமானத்தையல்ல, வறுமை விகிதத்தை.

2023 இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டமும் பயனாளிகளை வருமானத்தை மட்டும் வைத்துத் தெரிவு செய்வதில்லை. 22 குறிகாட்டிகளைப் பார்க்கிறது.