சுமையின் வேகத்துக்கு வெட்டிய பாதை

கண்டி நகருக்குத் தெற்கே ஹந்தானை மலையில் தொடங்குகிறது பீக்கோ நெடும்பாதை. கலஹா, லூல்கந்துர, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று மலைநாட்டைச் சுற்றி வளைத்து நுவரெலியாப் பக்கம் போய் முடிகிறது. 300 கிலோமீற்றருக்கு மேல் நீளம், 22 கட்டங்கள். 2023இல் திறக்கப்பட்ட இந்தப் பாதை நடப்பவர்களுக்கும் மலைச் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் உரியது. நெடுந்தூர மலைச் சைக்கிள் பந்தயங்களில் ஒற்றைக் கியர்க்காரர்கள் என்றொரு கூட்டம் உண்டு. இருபது முப்பது கியர் வைத்த வண்டி கடையில் கிடைத்தாலும், முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு பல்சக்கரம் என்ற அளவோடு மலையேறப் பிடிவாதம் பிடிப்பவர்கள். அவர்களில் ஒருவர் ஹந்தானையில் வந்து நின்று, இந்தப் பாதையை ஒற்றைக் கியரில் ஓட்டி முடிக்கலாமா என்று கேட்டால், பெரும்பகுதியை ஓட்டலாம் என்பதே சரியான பதில். அதற்கான காரணத்தை ஓட்டுபவரின் தொடை வலுவில் மட்டும் தேடினால் போதாது. பாதையை யாருக்காக, எந்தச் சுமைக்காக வெட்டினார்கள் என்ற வரலாற்றில் தேட வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். முன்னால் 32 பல், பின்னால் 20 பல், 29 அங்குலச் சக்கரம் என்பது மலையில் ஒற்றைக் கியர்க்காரர்கள் வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் அளவுகளில் ஒன்று. மிதி ஒரு முறை சுற்றினால் வண்டி ஏறக்குறைய 3.7 மீற்றர் நகரும். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், 100 மீற்றர் தூரத்தில் 5 மீற்றர் உயரும் சாய்வில் மிதியின் மேல் சராசரியாக 20 கிலோ அளவுக்கு அழுத்த வேண்டும். அதே தூரத்தில் 15 மீற்றர் உயர்ந்தால் அழுத்தம் 50 கிலோவைத் தொடும். முதலாவதை மணிக்கணக்கில் தாங்கலாம். இரண்டாவதைச் சில நிமிடங்களுக்கு மேல் எவரும் தாங்குவது கடினம். பல கியர் வைத்திருப்பவர் சாய்வு மாறும்போது பல்லை மாற்றிக்கொள்வார். ஒற்றைக் கியர்க்காரருக்கு அந்த வசதி இல்லை, பாதைதான் அவருக்கு இணங்கிவர வேண்டும். ஆகவே சாய்வு ஒரே சீராக இருக்கும் பாதையே அவருக்கு உகந்தது. சீரான சாய்வு மலையில் தானாக அமைவதில்லை. மனிதக் காலும் மாட்டுக் குளம்பும் தாமாகப் போட்ட தடங்கள் செங்குத்தாக ஏறும், திடீரென்று இறங்கும். சாய்வைச் சீராக்க வேண்டுமானால் ஒருவர் அளந்து முளை அடிக்க வேண்டும், பலர் மண்ணையும் பாறையையும் வெட்ட வேண்டும்.

கண்டி இராச்சியத்தின் காலத்தில் அப்படி வெட்டியவர் எவருமில்லை, வெட்ட விடவுமில்லை. கரையோரம் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றபோது, மலைக்குள் நல்ல பாதை இல்லாமல் இருப்பதே மன்னருக்கு அரணாக இருந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அங்கே சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், ஒருவர் பின் ஒருவராக மட்டுமே போகக்கூடிய ஒடுங்கிய வழிகளையும் அவற்றைக் காத்த முட்கடவைகளையும் விவரிக்கிறார். அந்த வழிகளில் வணிகமும் நடந்தது. பொதி மாடுகளின் வரிசையான தவளம் உப்பையும் கருவாட்டையும் மலைக்குக் கொண்டுவந்து, பாக்கையும் மற்றப் பொருள்களையும் இறக்கிச் சென்றது. கண்டிப் பகுதி முஸ்லிம்களுக்கு அந்தத் தொழிலில் பெரும்பங்கு உண்டு. ஆகையால் ஆங்கிலேயர் வரும்வரை மலையில் பாதையே இல்லை என்று சொல்வது பொய். பாதைகள் இருந்தன. ஆனால் அவை முதுகுச் சுமைக்கு உரியவை, சக்கரத்துக்கு உரியவையல்ல. பொதி மாடு படியேறும், வண்டி மாடு ஏறாது. 1803இல் கண்டிக்குள் நுழைந்த ஆங்கிலப் படை அங்கேயே அழிந்ததற்கு, பின்னாலிருந்து உணவும் துணைப்படையும் வந்துசேர வழியில்லாமற் போனதும் ஒரு முக்கிய காரணம்.

1815இல் கண்டி கைப்பற்றப்பட்டது. 1817, 1818இல் எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டது. அதன் பின் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு - கண்டி வீதியை வெட்டுவிக்கத் தொடங்கினார். கடுகண்ணாவைக் கணவாயில் பாறையைக் குடைந்து வீதி போகும் இடமும், வீதியை அமைத்துக்கொண்டிருக்கும்போதே 1829இல் இறந்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரமும் இன்றும் நிற்கின்றன. 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. கோபுரத்தில் டோசன் பெயர் இருக்கிறது. பாறையைக் குடைந்த கைகளுக்குக் கோபுரம் இல்லை. அந்த வீதியில் பெரும்பகுதி இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தால் வெட்டப்பட்டது, வெட்டியவர்கள் சிங்களக் கிராமத்து ஆண்கள். அந்த ஊழியம் 1830களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்ட பின், ஆங்கிலேய அதிகாரி தோமஸ் ஸ்கின்னர் மேற்பார்த்த வீதி வேலைகளில், வீதி வெட்டும் பயனியர் படையினர் கூடுதலாக இறங்கினர். அந்தப் படையில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள் பெருந்தொகையாக இருந்தனர். 1848இல் வளர்ந்த ஆண் ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பணம் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. அதே ஆண்டு மாத்தளையிலும் கண்டிப் பக்கத்திலும் வெடித்த கிளர்ச்சிக்கு அந்த வீதி வரியும் ஒரு காரணம். கண்டியின் பெருவீதிகள் இப்படிப் பிறந்தன.

ஆனால் பீக்கோ நெடும்பாதை பெருவீதிகளின் மேல் போவது குறைவு. அது தோட்ட ரோட்டுகளைத் தைத்து உருவானது. இங்கேதான் கதையின் மையம் இருக்கிறது. 1820களில் கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பித் தோட்டம், 1840களுக்குள் கண்டியைச் சுற்றிய மலைகளில் பரவிவிட்டது. வெயில் காலத்தில் காட்டை வெட்டிச் சாய்த்து எரிப்பார்கள். சாம்பல் ஆறுவதற்குள் தோட்டத்துரை சாய்வு பார்க்கும் கருவியோடு மலையைக் குறுக்காகச் சுற்றி வருவார், பின்னால் வருபவர் முளை அடித்துக்கொண்டே போவார். முளை வரிசைக்கு மேலே மண்ணை வெட்டிக் கீழே தள்ளினால் பாதி ரோட்டு வெட்டிய தரையில், பாதி ரோட்டு கொட்டிய மண்ணில் அமையும். கீழ்ப்பக்கம் சரியாதிருக்கக் கல்கட்டு. மலைப்பக்கம் நீர் வடியக் கான். கானில் சேரும் நீர் ரோட்டை அரிக்காமல் குறுக்கே கடக்க இடையிடையே மதகு. கருவிகள் மண்வெட்டி, பிக்காசு, அலவாங்கு. கானின் சரிவு கூடினால் நீர் வேகமெடுத்து ரோட்டைத் தின்னும், குறைந்தால் மண் தேங்கி அடைக்கும். ஆகவே ரோட்டின் சாய்வை மாட்டின் மூச்சும் மழைநீரும் சேர்ந்தே தீர்மானித்தன. கோப்பி மூட்டையைத் தலையில் சுமந்து இறங்கியவருக்கும், அரிசி மூட்டையோடு ஏறியவருக்கும், பின்னர் வந்த இரட்டை மாட்டு வண்டிக்கும் வேகத்தை மாற்றும் வசதி எதுவும் கிடையாது. அவர்களுடைய ஒரே வேகத்துக்கு ஏற்ற சாய்வில்தான் ரோட்டு மலையைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. இன்றைய ஒற்றைக் கியர்க்காரர் நிம்மதியாக மிதித்துப் போகும் அந்தச் சாய்வு, சுமந்தவர்களின் உடல் வகுத்த அளவு.

அந்த மண்வெட்டிகளைப் பிடித்தவர்கள் கண்டிக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்து மக்கள் கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வடக்குப் பாதை எனப்பட்ட காட்டு வழியே மிகிந்தலை, தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் வழியிலேயே பலரைக் கொன்றன. பிழைத்து வந்தவர் கையில் முதலில் கிடைத்த வேலைகளில் ஒன்று காட்டு வெட்டும் ரோட்டு வெட்டும். நெடுந்தூரம் நடந்து வந்தவர்கள், பிறர் ஏறுவதற்கான பாதையை வெட்டினார்கள்.

1867இல் இரண்டு காரியங்கள் நடந்தன. கொழும்பிலிருந்து ரயில் கண்டியை அடைந்தது. லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டு, அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை பரவியது. ரோட்டு வரலாற்றில் இந்த மாற்றம் பெரியது. கோப்பிப் பழம் பருவத்துக்குத்தான் வரும். தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் வரும், பறித்த அன்றே ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும், அடிபட்டாலும் சூடேறினாலும் தரம் கெடும். ஆகவே ஒவ்வொரு மலையையும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தோடும் ஸ்டோரோடும் இணைக்கும் ரோட்டுகள் நெருக்கமாகப் பெருகின. புதிதாக ஒரு மலையையும் குடையாமல் 300 கிலோமீற்றர் நடைபாதையை இன்று ஒட்டி எடுக்க முடிந்ததற்கு இந்த நெருக்கமே காரணம். டெய்லர் 1892இல் இறந்தபோது, தொழிலாளர்கள் 24 பேர் இரண்டு அணியாகப் பிரிந்து, நான்கு மைலுக்கு ஒரு முறை தோள் மாற்றி, அந்தப் பெரிய உடம்பைத் தோட்டத்திலிருந்து கண்டி மஹியாவ மயானம் வரை சுமந்து நடந்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. நெடும்பாதையின் முதல் இரண்டு கட்டங்கள் ஹந்தானையிலிருந்து கலஹாவுக்கும், கலஹாவிலிருந்து லூல்கந்துரவுக்கும் போகின்றன. பாதையில் வருபவர்கள் டெய்லரின் பெயரைத் தேடித்தான் வருகிறார்கள். அந்த 24 பேரில் ஒருவர் பெயரும் எவர் வாயிலும் இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதைத் தட்டிவிட முடியாது. சைக்கிள் மலைநாட்டு வண்டியே அல்ல, அது யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் உரிய வண்டி, தோட்டத்து மக்கள் நடந்தவர்கள், அப்படியிருக்கச் சைக்கிளை வைத்து மலை வரலாறு பேசுவது பொருந்துமா என்று கேட்கலாம். சமவெளியில் ஓடிய கறுப்புச் சைக்கிளும் ஒற்றைக் கியர்தான். ஆனால் முன்னால் 44 அல்லது 48 பல், பின்னால் 18 என்ற அமைப்பில் ஒரு மிதிச் சுற்றுக்குச் சுமார் ஐந்தரை மீற்றரோ அதற்கு மேலோ ஓடும். ஹந்தானை ஏற்றத்தில் அதைத் தள்ளத்தான் முடியும். மறுப்பு அந்த அளவில் சரி. ஆனால் மலைச் சைக்கிள் என்ற விளையாட்டே வேலைக்காகப் போட்ட ரோட்டில் பிறந்தது என்பதை மறக்கக்கூடாது. 1976இல் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், காட்டுத் தீயணைப்புக்காக வெட்டிய மண் ரோட்டில், பழைய ஒற்றைக் கியர் வண்டிகளில் இறங்கிப் பந்தயம் வைத்தார்கள். கனடாவின் பான்ஃப் நகரிலிருந்து அமெரிக்க - மெக்சிகோ எல்லை வரை ஏறக்குறைய 4,400 கிலோமீற்றர் போகும் டூர் டிவைட் பந்தயமும் பெரும்பாலும் வனத்துறை ரோட்டுகளையும் மண் வீதிகளையும் நம்பியே நடக்கிறது. விளையாட்டு எங்கும் உழைப்புக்குப் பின்னால்தான் வந்திருக்கிறது. சைக்கிளுக்கும் கண்டிக்கும் வேறொரு பழைய உறவும் உண்டு. 1876இல் இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த ஏறக்குறைய 1,900 இறப்பர்க் கன்றுகளைப் பொறுப்பேற்றது பேராதனைத் தாவரவியல் பூங்கா நிர்வாகம். 1888இல் டன்லொப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்த பின், அந்த மரத்தின் பாலுக்குச் சந்தை மேலும் பெருகியது.

இன்னொரு மறுப்பு, தோட்டத்தில் எல்லா வழியும் சீரானவையல்ல என்பது. உண்மை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து மலைக்கும் மடுவத்துக்கும் ஏறும் குறுக்குப் பாதைகள் படிபோலச் செங்குத்தானவை. நேரத்துக்குப் பெரட்டு என்ற காலை ஆளெடுப்புக்கு வர வேண்டியவர்கள் சுற்று ரோட்டில் போக நேரமில்லாமல் தாமே போட்டுக்கொண்ட வழிகள் அவை. அங்கே ஒற்றைக் கியர்க்காரர் இறங்கித் தள்ளியே ஆக வேண்டும். இது என் வாதத்தை உடைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. சுமைக்கு வெட்டிய வழியில் ஓட்டலாம், வெறுங்காலுக்குப் போட்ட வழியில் நடக்க வேண்டும். இந்த வேறுபாட்டைப் பல கியர்க்காரர் பல்லை மாற்றிவிட்டு உணராமல் கடந்துவிடுவார். ஒற்றைக் கியர்க்காரருடைய உடம்புக்கு அது உடனே தெரியும். பந்தயத்துக்கு வருபவர்களிடையே அவரைத்தான் இந்தப் பாதையின் வரலாற்றைச் சரியாக வாசிக்கக்கூடியவர் என்று மதிக்கிறேன்.

ரோட்டின் சீர்மையைப் பாராட்டினால் துரைமார் ஆட்சியைப் பாராட்டியதாகிவிடும் என்ற அச்சமும் சிலருக்கு இருக்கிறது. முளை அடித்தவர் ஒருவர், வெட்டியவர் ஆயிரம் பேர். ஆட்சியைக் கண்டிப்பதற்காக ஆயிரம் பேரின் கைவேலையை மறைத்துவிடக்கூடாது. நூறாண்டுக்கு மேல் மழையில் நின்ற கல்கட்டும் ஆண்டுதோறும் தூர்வாரப்படும் கானும் அவர்களுடையவை, அவர்களுடைய பிள்ளைகளுடையவை. 1948இல் இந்த மண்ணில் குடியுரிமை மறுக்கப்பட்டவர்களும் அவர்கள் வழிவந்தவர்களே.

நெடும்பாதை திறக்கப்பட்ட அதே 2023இல், இந்தத் தொழிலாளர்களின் வழிவந்த மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு நிறைவையொட்டி, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணம் ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவடைந்தது. ஒரு நெடும்பாதை மாத்தளையில் முடிகிறது, மற்றது ஹந்தானையில் தொடங்குகிறது. இடையில் இருப்பது முப்பது கிலோமீற்றரளவு தூரம். நாளை இந்த மலையில் நெடுந்தூரச் சைக்கிள் பந்தயம் வைக்க முன்வருபவர்கள் புறப்படும் கோட்டை மாத்தளையில் போடட்டும். ஹந்தானையில் வைக்கும் வரலாற்றுப் பலகையில் துரையின் பெயருக்கு மேலே, ரோட்டை வெட்டியவர்கள் எங்கிருந்து நடந்து வந்தார்கள் என்பதை முதல் வரியாகத் தமிழில் எழுதட்டும்.