18,720 படுக்கைகள் பிறந்த கதை

செங்குன்றம் தாண்டி வடக்கே போகிற பஸ்ஸில், "ஜனப்பன்சத்திரம் கூட்ரோடு இறங்குறவங்க முன்னாடி வாங்க" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். பெரியபாளையத்து அம்மனைப் பார்க்கப் போகிறவர்களும் ஊத்துக்கோட்டைப் பக்கம் பஸ் மாறுகிறவர்களும் இறங்குவார்கள். சத்திரத்தைத் தேடி இறங்குகிறவர் எவருமில்லை. பெங்களூரு சாலையிலும் இதே கதைதான்: சுங்குவார்சத்திரம், அதைத் தாண்டினால் பாலுசெட்டிசத்திரம். நடந்தும் மாட்டு வண்டியிலும் போனவர்கள் இரவில் எங்கே தலை சாய்ப்பது என்ற கேள்வியை, யாரோ ஒரு செட்டியார் தம் செலவில் தீர்த்து வைத்திருக்கிறார். ஒரு திண்ணை, ஒரு கிணறு, முடிந்தால் ஒரு வேளைச் சோறு. சத்திரத்தை மறந்தாலும் ஊர் அதன் பெயரை விடவில்லை.

இந்தச் சத்திரப் பெயர்களுக்கு நடுவேதான் இன்றைய தொழிற்பேட்டைகள் எழுந்தன. மாநில அரசின் சிப்காட் நிறுவனம் தொடங்கியது 1971-இல். விளைநிலத்தையும் தரிசையும் கையகப்படுத்தி, மனை பிரித்து, சாலை போட்டு, கரண்டும் தண்ணீரும் கொடுத்துக் கம்பெனிகளை அழைப்பது அதன் வேலை. கும்மிடிப்பூண்டியில் அப்படித்தான் இரும்பு உருக்காலைகள் வந்தன. லாரி எங்கே நிற்கும், கழிவுநீர் எங்கே போகும் என்பதற்கெல்லாம் வரைபடத்தில் இடம் இருந்தது. வேலை முடிந்த ஆள் எங்கே படுப்பான் என்பதற்கு மட்டும் இல்லை.

இதை வெறும் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. பக்கத்து ஊர்க்காரன் வருவான், சாயங்காலம் வீட்டுக்குப் போவான் என்ற நம்பிக்கை இருந்தது. சென்னையிலிருந்து வருகிறவனுக்கு மூர்மார்க்கெட் காம்ப்ளக்ஸிலிருந்து மின்சார ரயில். பின்லாந்தின் நோக்கியா 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி தயாரிக்கத் தொடங்கியபோதும் கணக்கு அதேதான். கம்பெனி பஸ் விடியலில் கிராமத்துக்கு வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும், ஷிப்ட் முடிந்ததும் கொண்டுவந்து விடும். திருவள்ளூர், காஞ்சிபுரம், வேலூர்ப் பக்கத்து வீடுகள்தான் அந்தத் தொழிற்சாலையின் விடுதிகள். கூலியில் பாதியைத் தூக்கம் இழந்தே சம்பாதித்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று, நான்கு மணி நேரப் பயணம் சாதாரணம். 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஆலை மூடப்பட்டது. பிறகு அந்தக் கட்டடத்துக்கு வந்ததும் பின்லாந்தில் பிறந்த சால்காம்ப் நிறுவனம்தான் என்பது ஒரு வேடிக்கை.

கம்பெனி பஸ் எட்டாத தூரத்திலிருந்து ஆள் வரத் தொடங்கியதும் இந்த ஏற்பாடு கிழிந்தது. கும்மிடிப்பூண்டியில் உலைச் சூட்டில் நிற்க உள்ளூர்ப் பையன்கள் தயங்கிய இடத்துக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் கையில் கொஞ்சம் நிலம் வைத்திருந்தவர்கள் வரிசையாக அறைகளைக் கட்டி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்டு, தலைக்கு இவ்வளவு என்று வாடகை பேசினார்கள். ஒரே ரூமில் எட்டுப் பேர், பத்துப் பேர். பகல் ஷிப்ட் ஆள் எழுந்த பாயில் நைட் ஷிப்ட் ஆள் படுப்பான். ஒரு பாய்க்கு இரண்டு வாடகை.

அந்த ரூம்களின் கதவு 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்ததும் திறந்தது. வேலை இல்லை, கூலி இல்லை, வாடகை மட்டும் நிற்கவில்லை. செங்குன்றம், ஜனப்பன்சத்திரம், கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் வழியாக ஆந்திர எல்லையை நோக்கி, தலையில் பையோடு ஆட்கள் நடந்தார்கள். சத்திரம் கட்டப்பட்ட காலத்து வழிப்போக்கர்கள் நடந்த அதே வடக்குச் சாலை. நாடெங்கும் இப்படி நடந்ததைப் பார்த்த பிறகுதான் டில்லிக்கு ஒரு எண்ணம் வந்தது. குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டத்தை மத்திய அமைச்சரவை 2020 ஜூலையில் ஏற்றது. பொது நிறுவனமோ தனியாரோ தம் காலி மனையில் கட்டலாம். கூட்டுத் தங்குமிடமாக இருந்தால் ஒரு படுக்கைக்கு 20,000 ரூபாய் மானியம். அரசின் கணக்கில் 'படுக்கை' ஓர் அலகாக ஏறியது.

காகிதத்தில் இருந்த அந்தப் படுக்கையை அவசரமாக்கியது வேறொரு இரவு. பூந்தமல்லி அருகே, திருவள்ளூர் மாவட்ட எல்லைக்குள், ஆப்பிளுக்காகக் கைபேசி தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் 2021 டிசம்பர் நடுவில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி கைபேசிகளில் பறந்தது. அப்படி யாரும் இறக்கவில்லை. ஆனால் தோழி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று கேட்டவர்களுக்கு உடனே பதில் கிடைக்காதபோது வதந்தியை நம்பாமல் என்ன செய்வார்கள்? டிசம்பர் 17 இரவு, சுங்குவார்சத்திரத்தில் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். விடிந்தும் எழவில்லை. தரையில் படுப்பதும் ஒரே அறையில் பலர் நெருக்கியடித்துக் கிடப்பதும் அதன் பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தன. விடுதிகள் சிலவற்றின் நிலை தன் தரத்துக்கு ஏற்றதல்ல என்று ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. வேலை மறுபடி தொடங்கியது 2022 ஜனவரி 12-இல்.

தங்கும் இடத்துக்காகத் தெருவுக்கு வந்த முதல் பெண்கள் இவர்கள் அல்ல. அமெரிக்காவின் லோவெல் நகரில் 1820-களிலேயே பஞ்சாலைகள் பண்ணை வீட்டுப் பெண்களுக்கு விடுதி கட்டின. இரவு பத்து மணிக்குக் கதவு மூடும், கண்காணிக்க ஒரு அம்மாள். 1836-இல் அங்கே தங்கும் கட்டணத்தை உயர்த்தியபோது பெண்கள் தறியை நிறுத்திவிட்டு ஊர்வலம் போனார்கள். சுங்குவார்சத்திரத்துக் கோபத்துக்கு மூத்த அக்காள் என்று அதைச் சொல்வேன்.

2024 ஆகஸ்ட் 17-இல், சுங்குவார்சத்திரத்துக்குக் கொஞ்ச தூரத்தில் வல்லம் வடகால் சிப்காட்டில், பெண் தொழிலாளர்களுக்காக 20 ஏக்கரில் எழுந்த விடுதியை முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்தார். ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூவும் வந்திருந்தார். 13 கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு 6 பேர். பெருக்கினால் 18,720. செலவு 706 கோடியே 50 லட்சம். ஒரு படுக்கைக்கு ஏறக்குறைய 3 லட்சத்து 77 ஆயிரம் ரூபாய். டில்லியின் மானியம் 37 கோடியே 44 லட்சம்: அதே 20,000 ரூபாயை 18,720-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒரு சிற்றூரின் மக்கள்தொகையை விடப் பெரிய சத்திரம். நம் சாலைகள் பார்த்ததிலேயே பெரியது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அறைக்கு ஆறு பேர் என்பது நிறைவா என்று கேட்டால், அங்கே தூங்குகிறவர்தான் சொல்ல வேண்டும். தரையில் பாய் விரித்தவருக்குத் தனிக் கட்டில் பெரிய விஷயம். வேலையும் படுக்கையும் ஒரே கையில் இருந்தால், வேலை போகிற நாளில் படுக்கையும் போகும் என்பதும் உண்மைதான்.

என் மனம் நிற்பது வேறு இடத்தில். திட்டத்துக்குக் காரணமாக நடந்த கால்களில் வடக்குச் சாலைக் கால்களும் உண்டு. அது படுக்கையாக விளைந்ததோ தெற்கே, பெங்களூரு சாலைப் பக்கம். நடந்து போனவர்களில் பலர் அடுத்த ஆண்டே கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பிவிட்டார்கள், அதே ஆஸ்பெஸ்டாஸ் வரிசைகளுக்கு. இரவு எட்டு மணிக்கு உலையில் ஷிப்ட் மாறும். உள்ளே வந்தவன் கைகால் கழுவிவிட்டு வருவதற்குள் மற்றவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பான். பாயை யாரும் சுருட்டுவதில்லை.