துண்டும் கோப்பும்

"நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு? ஃபோனைப் பார்த்தா பார்த்துட்டுப் போகட்டும்." உக்குவளையில் நாங்கள் கூடிப் பேசும்போதெல்லாம் யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். இதற்கான பதில் நம்ம தோட்டத்து வரலாற்றிலேயே இருக்கிறது.

மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோரை, பின்னாளில் தோட்டத்தோடு கட்டிப்போட்டது 'துண்டு' என்ற ஒரு காகிதம். இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுப்பார். அது இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. கடன் கணக்கு கங்காணி கையில். வாசிக்கத் தெரியாதவர் அதை எப்படி மறுப்பார்? 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆனால் நம் பெயரில் இன்னொருத்தர் எழுதுவது ஒழியவில்லை.

அருட்தந்தை ஸ்டான் சுவாமிக்கு நடந்ததைப் பாருங்க. நம்மில் பலருடைய பூர்வீகமான திருச்சிப் பக்கம் 1937இல் பிறந்தவர். ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நிலத்துக்காகவும், சிறையில் வாடிய அவர்களுடைய பிள்ளைகளுக்காகவும் உழைத்தவர். 2020 அக்டோபரில் பீமா கோரேகான் வழக்கில் கைதானார். அவருடைய கம்ப்யூட்டரில் இருந்த கோப்புகளைக் காட்டி மாவோயிஸ்ட் தொடர்பு என்றார்கள். அவை தன்னுடையவை அல்ல என்று அவர் மறுத்தார். பிணை கிடைக்காமலே, 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில் இறந்தார்.

2022 டிசம்பரில், பிரதிவாதித் தரப்புக்காக அந்தக் கம்ப்யூட்டரின் பிரதியை ஆராய்ந்த ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்க நிறுவனம் அறிக்கை தந்தது. அப்போது காசு கொடுத்தால் வாங்கக்கூடியதாக இருந்த 'நெட்வயர்' என்ற மென்பொருள் வழியாக, 2014 முதலே யாரோ உள்ளே இருந்திருக்கிறார்கள். கோப்புகளை வைத்ததும் அவர்களே. 2019 ஜூன் 12 பொலிஸ் கம்ப்யூட்டரை எடுத்துச் சென்றது. முதல்நாளே தடயங்களை அழிக்கும் வேலை நடந்திருக்கிறது! ஆர்சனலின் அறிக்கைகளை இந்தியாவின் தேசியப் புலனாய்வு முகமை ஏற்கவில்லை.

இங்கேயும் 2014 மார்ச்சில், மனித உரிமைச் செயற்பாட்டாளர் ரூக்கி பெர்னாண்டோ கிளிநொச்சியில் கைதாகி விடுதலையான பிறகு, அவருடைய தொலைத்தொடர்புக் கருவிகளைப் பரிசோதனைக்கு ஒப்படைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆகவே நண்பர்களே, உள்ளே வந்தவர் பார்த்துவிட்டு மட்டும் போவதில்லை, எழுதிவிட்டும் போகலாம். துண்டில் எழுதியிருந்ததை நம் முப்பாட்டனுக்கு வாசித்துக் காட்ட ஆளில்லை. ஸ்டான் சுவாமிக்கு ஆள் கிடைத்தது, ஒன்றரை வருடம் பிந்தி. அந்த வாசிப்பை நம்மில் சிலராவது கற்றுக்கொள்ள வேண்டாமா?